மணிக்கு இரண்டாயிரத்து முந்நூறு

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வானதி தன் வயல் வரப்பில் நின்றாள். ஒரு கதிரை உருவி, நாலு மணியை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. நேற்றும் அப்படித்தான் உடைந்தது. முந்தாநாளும் அப்படித்தான். நெல் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, இனி உன் பாடு என்பதுபோலத் தலையைத் தொங்கவிட்டு நின்றது.

மொத்தம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். குத்தகை நிலம். பொன்மணி நெல். தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில் எட்டு வருடம் பில் போட்ட வேலையை விட்டுவிட்டு வந்து, வானதி தனியாக நின்று செய்த முதல் சாகுபடி இது. அவள் கணவன் ராம்கி ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். "விவசாயத்துல என்னத்த மிஞ்சப்போவுது?" என்று அவன் போனில் கேட்டபோது, "செலவக் குறைச்சா மிஞ்சும்" என்றாள். ஒரு போகம் பார்ப்பது, மிஞ்சாவிட்டால் பேசாமல் மறுபடி கடைக்கே போய்விடுவது என்று இருவருக்கும் பேச்சு.

செலவைக் குறைப்பதில் அவளை ஊரில் யாரும் மிஞ்ச முடியாது. மருந்தடிக்கும் மெஷினை அப்துல் ஜலீலிடம் இரவல் வாங்கி, பதிலுக்கு அவர் வயலுக்கும் மருந்தடித்துக் கொடுத்தாள். களையை ஆள் விடாமல் தானே எடுத்தாள். "வானதி கையிலேருந்து ஒரு ரூபா வெளிய போனா அந்த ரூபாயே அழுவும்" என்று அப்துல் ஜலீல் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

இப்போது குறைக்க ஒன்றும் பாக்கியில்லை. அறுக்க வேண்டியதுதான். ஆனால் நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே கடலில் ஒரு தாழ்வுநிலை உருவாகி, வியாழக்கிழமை மழை என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்று திங்கள். தை மாதத்தில் பெய்கிற மழையை இந்தப் பக்கத்தில் யாரும் கும்பிட்டு அழைப்பதில்லை. முற்றிய கதிர் நனைந்தால் கனம் தாங்காமல் சாயும். சாய்ந்தது தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாள் முளைவிடும்.

அவள் வயலுக்கு வழி கிடையாது. ரோட்டை ஒட்டி இருப்பது பஞ்சாபகேசனின் பன்னிரண்டு மா. அதற்குப் பின்னால் அவளுடையது. மற்ற மூன்று பக்கமும் வாய்க்கால். ஆள் நடக்க வரப்பு போதும். மெஷின் உள்ளே வர வேண்டுமென்றால் பஞ்சாபகேசனின் வயல் அறுபட்டிருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் அறுத்தால்தான் பின்னால் இருப்பவர் அறுக்க முடியும். இது யாரும் போட்ட சட்டமில்லை. நிலம் கிடக்கிற கிடை அப்படி.

பஞ்சாபகேசன் அறுக்காமல் இருந்தார். அவர் அறுக்காமல் இருந்ததற்குக் காரணம் வானதி.

*

மார்கழிக் கடைசியில் பஞ்சாயத்து அலுவலகக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. போன வருடம் அறுவடை மெஷின் வாடகை மணிக்கு மூவாயிரத்து இருநூறு வரை போய்விட்டது. இந்த வருடம் என்ன செய்யலாம் என்று பேச்சு. ஆளாளுக்கு மெஷின்காரர்களைத் திட்டினார்கள். வானதிதான் எழுந்து நின்றாள்.

"மெஷின்காரன் ஏத்தலீங்க. நாமதான் ஏத்தினோம்" என்றாள். "எனக்கு முதல்ல விடுன்னு ஒருத்தர் நூறு ரூபா கூடக் குடுப்பாரு. மறுநாள் அதுதான் எல்லாருக்கும் ரேட்டு. ஊரே ஒரே ரேட்டு சொன்னா அவன் எங்க போவான்? மணிக்கு ரெண்டாயிரத்து முந்நூறு. அதுக்கு மேல ஒத்த ரூபா யாரும் தரக்கூடாது."

எட்டு வருடம் பில் போட்டதில் அவள் கண்டுகொண்ட விஷயம் அது. விலை என்பது சீட்டில் ஒட்டியிருப்பது அல்ல; பக்கத்தில் நிற்பவள் எவ்வளவுக்கு வாங்கினாள் என்பதுதான் விலை. கூட்டத்தில் கைதட்டினார்கள். தபால் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த பஞ்சாபகேசன் ஒரு நீள நோட்டில் அதை அப்படியே எழுதி, நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து வானதியுடையது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு ஊரின் காசை ஒரு வாக்கியத்தால் மிச்சப்படுத்தியவள் என்ற நினைப்பு.

ரேட்டு குறைந்தது. மெஷின்தான் வரவில்லை. நன்னிலத்தில் மெஷின் ஏஜென்ட்டாக இருக்கும் சேரன், ஆத்தூரிலிருந்து வந்த வண்டிகளையெல்லாம் இரண்டாயிரத்து எழுநூறு கொடுத்த ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். "உங்க ஊரும் உண்டுக்கா" என்றான். "எல்லா ஊரும் முடிஞ்சதும் வந்துடறோம்."

*

பஞ்சாபகேசன் கார் நிறுத்தும் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா வானதி. மழைதானே? பார்த்தேன், பார்த்தேன்."

"சார், இன்னைக்கோ நாளைக்கோ அறுத்துடணும் சார். ரெண்டாயிரத்து எழுநூறுன்னா சேரன் வண்டி விடறேங்குறான்."

"ரெண்டாயிரத்து முந்நூறுன்னா தீர்மானம்."

"தெரியும் சார். மழை வருதே சார்."

"மழை வரும்னு தீர்மானத்துல விலக்கு ஒண்ணும் போடலியே" என்று அவர் எழுந்து உள்ளே போனார். நீள நோட்டோடு திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "'ஒருவர் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் மறுநாள் அதுவே எல்லாருக்கும் விலையாகிவிடும்.' யார் சொன்னது? நீதான். எத்தனை அழகா சொல்லியிருக்கே பாரு."

தன் வாயிலிருந்து வந்த வார்த்தையையே மடக்கித் தன் தொண்டையில் செருகுவதுபோல் இருந்தது அவளுக்கு. "சார், உங்களுக்கும் சேர்த்து மேல்காச நானே குடுத்துடறேன். மணிக்கு நானூறு ரூபா. உங்க கையிலேருந்து போவாது."

"யார் கையிலேருந்து போனா என்ன? கூடப் போறதா இல்லையா? ஜலீலுக்குத் தெரிஞ்சா அவர் என்ன கேப்பார்? நான் என்ன பதில் சொல்றது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பாகீரதியின் குரல் வந்தது. "நெல்லு கொட்டிப் போச்சுன்னா அந்த நோட்டையா வடிச்சுப் போடறது உங்களுக்கு?"

"நீ சும்மா இரு. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். வானதி, காபி சாப்பிட்டுட்டுப் போ."

காபி நன்றாக இருந்தது. அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காலி டம்ளரைக் கீழே வைத்தபோது அவள் வாயில் அந்தப் பொய் தானாக வந்து உட்கார்ந்தது.

"சரி சார். இன்னொரு தடவ பேசிப் பாக்குறேன். ரெண்டாயிரத்து முந்நூறுக்கே ஒத்துக்கிட்டான்னா?"

"ஒத்துண்டா? பேஷா! என்னோடதை முதல்ல அறுத்துட்டு உன்னோடதுக்குள்ள போகட்டும். நன்னாப் பேசு. உனக்குத்தான் வருமே அது."

வீட்டுக்கு வரும் வழியில் மனக்கணக்குப் போட்டாள். அவருக்கு நாலு மணி நேரம், தனக்கு இரண்டு மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கும் நானூறு நானூறாகச் சேரனிடம் ரகசியமாகக் கொடுக்க வேண்டும். பஞ்சாபகேசனின் சிக்கனத்துக்கு அவள் பணம் கட்டப்போகிறாள். களை எடுத்து எடுத்து நகக்கண்ணில் கறை ஏறியிருந்த விரல்களை விரித்துப் பார்த்தாள். மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கேதான் போகப்போகிறது. போகட்டும். நெல் வீட்டுக்கு வந்தால் போதும்.

*

செவ்வாய்க்கிழமை சேரன் போனை எடுக்கவில்லை. நேரில் போய் முன்பணம் கொடுத்துவிடுவதென்று கிளம்பினாள். போகும் வழியில் அவள் ஒரு காரியம் செய்தாள். பிறகு அதை நினைத்து நினைத்து எத்தனையோ முறை தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மினி பஸ் வந்தது. பாதி காலி. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பின்னால் அரசு பஸ் வரும். அதில் பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் படியில் நின்று "ஏறுக்கா, நன்னிலம், நன்னிலம்" என்று கூவினான். அவள் யோசிக்கக்கூட இல்லை. தலையை ஆட்டி, போ என்று கையைக் காட்டினாள். அறிவு சொல்லி ஆடிய தலை இல்லை அது. வருடக்கணக்காக ஆடிப் பழகிய தலை.

அரசு பஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. சேரன் டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான்.

"அட, என்னக்கா நீங்க" என்றான். "நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு சேத்துலயும் எறங்குற பெல்ட் வண்டி ஒண்ணு காலியா இருந்துச்சு. இப்பதான், அரை மணி நேரம் இருக்கும், கொல்லுமாங்குடிக்காரரு வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு."

"அரை மணி நேரத்துக்கு முன்னாடியா?"

"ஆமாம்க்கா. மினி பஸ்ஸுல வந்து எறங்குனாரு."

வானதி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அவரு வேலைய முடிச்சுட்டு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உங்க ஊருக்கு விடறேன். ரெண்டாயிரத்து எழுநூறு. சரியா?"

"சரி. ஆனா சேரா, ஒண்ணு கவனமாக் கேளு. ஊர்ல யாரு கேட்டாலும் ரெண்டாயிரத்து முந்நூறுன்னுதான் சொல்லணும். மிச்சத்த நான் உனக்குத் தனியா அனுப்பிடறேன்."

சேரன் சிரித்தான். "அந்த ரேட்ட வச்சதே நீங்கதானேக்கா?"

"நீ சொல்லுவியா, மாட்டியா?"

"நான் சொல்லிடுவேன்" என்றான் சேரன்.

*

விடியற்காலம் ஐந்து மணியென்றால் ரோட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு மெஷின் ஊருக்குள் நுழைந்தபோது எல்லோரும் இருந்தார்கள். இரண்டு வாரமாக மெஷினைக் கண்ணாலும் பார்க்காத ஊர். தேர் வந்து நின்றாற்போல் ஆட்கள் கூடிவிட்டார்கள். மெஷின் பஞ்சாபகேசனின் வயலோரம் நின்று, ரோட்டிலிருந்து இறங்கத் தோது பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சாபகேசன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரரைப்போல நின்றார்.

"நம்ம வானதி பேசி முடிச்சது" என்று எல்லோரிடமும் சொன்னார். "தீர்மானத்துக்குள்ளயே. கட்டுப்பாடா இருந்தா நடக்கும்னேனே, பார்த்தேளா?"

"முந்நூறுக்கா வந்துச்சு?" அப்துல் ஜலீலுக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி! மணிக்கு எவ்வளவுப்பா?"

டிரைவர் ஆத்தூர்க்காரர். விடியற்காலத்திலிருந்து தூசியிலேயே உட்கார்ந்து, கண்ணிமையெல்லாம் வைக்கோல் தூள். அவருக்கு இந்த ஊர் எதுவென்றே தெரியாது. "ரெண்டாயிரத்து எழுநூறுங்க" என்றார்.

சேரன் தான் சொல்வதாகத்தான் சொல்லியிருந்தான். டிரைவரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.



"எழுநூறா?" பஞ்சாபகேசன் வானதியைப் பார்த்தார். "என்கிட்ட பொய் சொன்னியா நீ?"

"சார், மழை..."

"கேட்டதுக்கு இல்லைன்னேன். இல்லைங்கறது உனக்குப் பிடிக்கலேன்னா சண்டை போட்டிருக்கலாம். பொய் சொல்லிட்டியேம்மா."

அவள் பதில் சொல்வதற்குள் அப்துல் ஜலீல் கத்த ஆரம்பித்தார். "நல்லா இருக்கும்மா நியாயம்! எங்கள எல்லாம் கையெழுத்துப் போட வச்சுப் பதினஞ்சு நாளா வானத்தப் பாக்க வச்சுட்டு, நீ மட்டும் கொல்லைப்புறமா வண்டி கொண்டாருவியா?"

"என் வயலுக்கு வழி இல்ல பாய். நெல்லு முத்திப் போச்சு பாய்."

"எங்களுது மட்டும் என்ன, பாலா புடிச்சுக்கிட்டு நிக்குது?"

இன்னும் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். கேவலமாக இருந்தது. ஆனால் இது தீரும், திட்டித் தீர்த்துவிட்டு மெஷினை இறக்க விடுவார்கள் என்றுதான் வானதி நினைத்தாள். திட்டிக்கொண்டிருந்த அப்துல் ஜலீல் திடீரென்று நிறுத்தினார். அவர் கண் மெஷின்மேல் போனது. பிறகு கிழக்கே, வெளுப்பு மாறிக்கொண்டிருந்த வானத்தின்மேல் போனது.

"கட்டுப்பாடுதான் போயிடுச்சே" என்றார் மெதுவாக. "தம்பி, எனக்குப் பதினைஞ்சு மா. ரோட்டு மேலேயே இருக்கு. ரெண்டாயிரத்து எண்ணூறு தரேன். இப்படியே நேரா ஓட்டு."

"பாய்!" என்றாள் வானதி.

"தொள்ளாயிரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பத்து நிமிடம்தான் ஆனது. தங்களுக்குள் போட்டி போட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் மீன் ஏலத்தில் நிற்பவர்களைப்போல் ரோட்டில் நின்று கூவினார்கள். கடைசியில் சூர்யபிரகாஷ் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் முப்பது மாவைப் பார்த்துக்கொள்பவன்.

"மூவாயிரத்து நூறு" என்றான். "முப்பது மா. ஒரே தாக்கு, எல்லாம் ஒண்ணாக் கிடக்கு. ராத்திரி முழுக்க ஓட்டலாம். லைட்டு நான் போட்டுத் தரேன்."

டிரைவர் போனை எடுத்துச் சேரனிடம் பேசினார். வானதி மெஷினின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தான் அட்வான்ஸ் குடுத்தேன். நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். டிரைவர் போனை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான் சேரன். "உங்களுதும் சாரோடதும் சேத்து ஆறு மணி நேரம். அது பத்து மணி நேர வேலை, ரேட்டும் கூட. வண்டி ஓனரு என்னையக் கேப்பாருல்ல? அட்வான்ஸ இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

"நான் மூவாயிரத்து இருநூறு தரேன்!"

"நீங்க தருவீங்க. சாரு தருவாரா? அவரு வயல அறுக்காம உங்க வயலுக்கு வண்டி எப்படிப் போவும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பஞ்சாபகேசன் அங்கே இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். நாற்பத்தொரு பேரில் கடைசிவரை விலை கூறாதவர் அவர் ஒருவர்தான். அவருடைய யோக்கியதை அந்தப் பன்னிரண்டு மாவிலும் கதவுபோலச் சாத்திக்கொண்டு நின்றது.

மெஷின் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு சூர்யபிரகாஷின் வயலுக்குப் போனது. "அடுத்து உங்களுதுதான்க்கா" என்று அவன் பைக்கிலிருந்து சொல்லிக்கொண்டே போனான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. கூட்டத்தில் அவள் விளக்கிச் சொன்னதைத்தான் அவன் செய்துகாட்டியிருந்தான்.

*

மாலை மூன்று மணிக்கு அவள் தெற்குத் தெருவில் செந்தாமரை வீட்டுக்குப் போனாள். செந்தாமரைக்கு ஐம்பது வயதிருக்கும். மெஷின் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் பாதி வயலை அறுத்தது அவளுடைய கோஷ்டிதான். இப்போது நூறு நாள் வேலை, கட்டட வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஆள் வேணும். கையறுப்பு."

செந்தாமரை துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ரோட்டுல நடந்தத கேள்விப்பட்டோம். எங்க பக்கத்துல இன்னைக்கு அதான் டி.வி." சிரிக்காமல் சொன்னாள். "ஒம்போது பேரு வருவோம். தலைக்கு அறுநூறு. காலைல டீ, பத்து மணிக்குப் பலகாரம்."

"ஐந்நூறுன்னு..." என்றாள் வானதி.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. செந்தாமரை அடுத்த துணியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"சூர்யபிரகாஷுக்கு மூவாயிரத்து நூறு மெஷினுக்கு. நீ மூவாயிரத்து இருநூறு வரைக்கும் கேட்டியாம். நாளைக்கு வானம் ஒடஞ்சு ஊத்தப்போவுது. எங்கிட்ட வந்து நூறு ரூபா கொறைக்குற?"

"அக்கா, வாய் தவறிடுச்சு. பழக்கம்."

"பழக்கந்தான். தெரியுது. நடவுக்கும் இப்படித்தான் கொறைச்ச. 'ஒரு ஆளுக்கு அம்பது ரூபா கொறைச்சா எனக்கு எவ்வளவு மிஞ்சும் தெரியுமாக்கா'ன்னு எங்கிட்டயே கணக்குச் சொன்ன. அந்த அம்பது எங்க வீட்டுல எவ்வளவு கொறையும்னு நான் ஒனக்குச் சொன்னனா?"

வானதிக்கு முகம் சுட்டது. அந்தக் கணக்கை அவள் பெருமையோடுதான் சொல்லியிருந்தாள், ஒரு நல்ல விஷயத்தைப் பகிர்ந்துகொள்பவளைப்போல.

"அறுநூறு" என்றாள். "டீயும் பலகாரமும் நானே கொண்டாறேன்."

"அரிவாள் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு."

"அப்ப நீ பத்தாவது ஆளு. ஆறு மணிக்கு வந்துடு. நிக்காத, குனி."

*

வியாழக்கிழமை விடியும்போதே வெளிச்சத்தில் ஒரு பித்தளைக் கலர் இருந்தது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். கடலின் ஓரத்தை யாரோ கத்தரிப்பதுபோல, அந்த மஞ்சள் பரப்பின் ஒரு விளிம்பு மெல்ல மெல்ல உள்வாங்கியது. வானதி பிடிப்பிடியாக அறுத்தாள். ஒரு மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும்போல் ஆனது. மூன்று விரலில் தாள் கிழித்தது. பக்கத்து வரிசையிலிருந்து செந்தாமரை, "மெஷினு நின்னு நின்னு ஓடுது பாருங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வானதிக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்தால் நேரம் போகும் என்று நிமிராமல் இருந்தாள்.

அறுத்த கட்டுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி பத்து மணிக்கு வந்தது. அவள் வீடு ஊருக்கு அந்தக் கோடியில். நான்கு பேர் வரப்பு வழியாகக் கட்டுகளைத் தலையில் சுமந்து ரோட்டோரத்தில் இறக்கிவைத்தார்கள். அப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஞ்சாபகேசன் வீட்டில் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. பஞ்சாபகேசன் காரைப் பின்பக்கமாக ஓட்டித் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, கொட்டகையைக் காட்டினார்.

"உள்ள அடுக்கச் சொல்லு. சுவர்ல உரசாம வைக்கணும். இப்பதான் பெயின்ட் அடிச்சது." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"சார், நேத்து..."

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம். பேசாம இருக்கப் போறதில்லை நான்."

ஒரு மணிக்குக் காற்று நின்றது. ஒன்றரை மணிக்கு முதல் சொட்டு. பெரிய பெரிய சொட்டுகள், தனித்தனியாக, கதிரில் விழும் சத்தம் கேட்கிற மாதிரி. அறுத்துக் கிடந்ததைச் சுருட்டிக் கட்டித் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். ஒன்றரை மா அறுத்திருந்தார்கள். வானதி திரும்ப ஓடி வந்து இன்னொரு பிடி அறுத்தாள். இன்னொரு பிடி. செந்தாமரை வந்து அவள் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள்.

"விடு. நனைஞ்சத அறுத்து அடுக்குனா உள்ள இருக்குற நல்லதும் புழுங்கிப்போவும். வா."

கொட்டகைக்குள் கட்டுகளுக்கு நடுவே பெண்கள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். பாகீரதி ஒரு தூக்கு நிறையக் காபி கொண்டுவந்து வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் பஞ்சாபகேசனின் பன்னிரண்டு மாவும் அதற்குப் பின்னால் அவளுடைய நாலரை மாவும் ஒன்றாகத் தெரிந்தன. முதலில் நடுவில் ஒரு இடம் சாய்ந்தது. அலுத்துப்போன ஒருவர் உட்காருவதுபோல, பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு. பிறகு ஓரமெல்லாம்.

இந்தப் போகத்தில் மிஞ்சாது. அது முடிவாகிவிட்டது. ராம்கியிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சேரன்.

"அக்கா, சாஞ்சிருச்சா?"

"சாஞ்சுக்கிட்டிருக்கு."

"நாளன்னைக்கு, சனிக்கிழம காலைல ஒரு பெல்ட் வண்டி காலியா இருக்கு. மழை ராத்திரியோட விட்டுரும்ங்குறாங்க. சாஞ்ச பயிரு, ஏக்கருக்கு ரெண்டு மணி நேரம் ஆயிரும். ரேட்டு மூவாயிரத்து ஐந்நூறு. முளைக்குறதுக்கு முன்னாடி அள்ளிடலாம். ஆனா சாரும் சரின்னு சொல்லணும். அவரு வயலத் தாண்டித்தானே வரணும்?"

அவள் போனை பஞ்சாபகேசனிடம் நீட்டினாள். "சார், சேரன். சனிக்கிழமை வண்டி இருக்காம். மூவாயிரத்து ஐந்நூறு. நீங்களே பேசுங்க."

பஞ்சாபகேசன் போனை வாங்கிக்கொண்டு, படுத்துக் கிடந்த தன் பன்னிரண்டு மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"சேரன், நான் பஞ்சாபகேசன் பேசறேன். சரி, தீர்மானமெல்லாம் போயாச்சு. அது இருக்கட்டும். ரெண்டு பேரோடதும் ஒரே இடத்துல சேர்ந்தாப்ல இருக்கு பாரு. அதனால மூவாயிரத்து நானூறுன்னு வச்சுக்கலாமா?"

மழைச் சத்தத்தில் மறுமுனை சரியாகக் கேட்கவில்லை. "என்ன? இன்னொரு கால் வர்றதா? சரி, சரி, இருக்கேன்" என்றார் பஞ்சாபகேசன். காத்திருப்பதில் எந்தக் கஷ்டமும் இல்லாதவராக, காரைப் பார்த்தபடி நின்றார்.

வானதி அவர் காதிலிருந்தே போனைப் பறித்தாள். "சேரா! சேரா, லைன்ல இரு. மூவாயிரத்து ஐந்நூறு. ரெண்டு பேருக்கும். அட்வான்ஸ் இப்ப ஏறிடும். யார்கிட்டயும் பேசாத. வண்டிய எழுதிக்க, எங்க பேர எழுதிக்க."

ஈர விரலை ஸ்கிரீன் ஏற்றுக்கொள்ளவில்லை. செந்தாமரையின் பிழிந்த சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பணம் போய்விட்டதென்று காட்டும் வரை மூச்சு விடவில்லை.

"ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நூறு ரூபா குறைஞ்சிருக்கும்மா" என்றார் பஞ்சாபகேசன், உண்மையான வருத்தத்தோடு.

வானதி அவரைப் பார்த்தாள். ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, கிழிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை வரைக்கும் இருந்த மணி நேரங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.